பன்னிரண்டாம் பெயர்

செப்டம்பர் வந்துவிட்டால் எனக்கு உட்காரத் தெரியாது. எங்கள் அறக்கட்டளைக்கு வருஷத்தில் பதினோரு மாதம் ஒரு மின்விசிறியும் ஒரு கம்ப்யூட்டரும் போதும். செப்டம்பரில் மட்டும் ஆளுக்கு நாலு கை முளைத்தால்தான் சமாளிக்க முடியும். அதுதான் மூளை ரத்தக்குழாய் வீக்கத்துக்கான விழிப்புணர்வு மாதம். ஆங்கிலத்தில் அனியூரிசம். அப்படிச் சொன்னால் பாதிப் பேர் "டியூமரா?" என்பார்கள், மீதிப் பேர் "அனீமியாவா?" என்பார்கள். அதனால் நான் சைக்கிள் டியூபைக் கையில் எடுத்துக்கொண்டே போவேன். "டியூப்ல ஒரு இடம் மட்டும் மெலிஞ்சு புடைச்சுக்கிட்டு நிக்கும் பார்த்திருக்கீங்களா? அதே மாதிரி தலைக்குள்ள ரத்தக்குழாய்ல. வெடிச்சா உயிருக்கு ஆபத்து. முன்னாடியே பார்த்துட்டா வைத்தியம் இருக்கு." இதை ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்வேன். நாற்பதாவது தடவை சொல்லும்போது என் குரலில் அன்பு இருக்காது.

என் பெயர் ஜான்சி. வயது நாற்பத்தொன்று. நானும் அம்மா ரத்தினபாயும் அஸ்தினாபுரத்தில் இருக்கிறோம். அப்பா இல்லை. கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று கேட்பவர்களுக்குத் தனியாக ஒரு பதில் வைத்திருக்கிறேன், அது இங்கே வேண்டாம். அறக்கட்டளை எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு மருந்துக்கடை மாடியில் இருக்கிறது. நடத்துகிறவர் தேவானந்தம் சார். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், மனைவியை இந்த நோயில் பறிகொடுத்தவர். நான் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது.

நான் சேர்ந்ததற்குக் காரணம் பிளஸ்ஸி. பிளஸ்ஸி என் சித்தி பெண். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பல்லாவரத்தில் சித்தி வீட்டில், சர்ச்சுக்குக் கிளம்பப் புடவைக்குப் பின் குத்திக்கொண்டிருந்தவள் திடீரென்று தலையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, யாரோ மண்டையில அடிச்ச மாதிரி கீது" என்றாளாம். தைலம் தேய்த்துப் படுக்க வைத்தார்கள். தூங்கினால் சரியாகிவிடும் என்று கதவைச் சாத்திவிட்டு ஆராதனைக்குப் போய்விட்டார்கள். திரும்பி வந்தபோது எழுப்ப முடியவில்லை. வயது இருபத்தொன்பது. அந்தத் தைல டப்பாவை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம்தான் வருகிறது. யார் மேல் என்று தெரியாத கோபம்.

எங்கள் வேலையில் பாதி வாயால் செய்கிறது, மற்ற பாதி காகிதத்தில். முந்நூற்றுச் சொச்சம் குடும்பங்கள் எங்கள் பதிவேட்டில் இருக்கின்றன. ஒவ்வொரு செப்டம்பரும் அத்தனை குடும்பத்துக்கும் போன் செய்து, ஒரு பக்கப் படிவத்தை நிரப்பி வாங்கி, நரம்பியல் டாக்டர் தோத்தாத்ரியிடம் கொடுப்பேன். இது குடும்பத்தில் வருகிறதா, எப்படி வருகிறது என்று அவரும் இன்னும் சில டாக்டர்களும் ஆராய்கிறார்கள்.

அதில் ஒரு தொல்லை. நம் ஆட்களுக்கு எல்லாரும் அண்ணன், எல்லாரும் தங்கச்சி. "எங்க அண்ணனுக்கும் இதேதான் மேடம் வந்துச்சு" என்பார்கள். கூடப் பிறந்தவரா என்று கேட்டால், "கூடப் பொறந்தவரு மாதிரிதான்" என்பார்கள். தோண்டித் துருவினால் பெரியப்பா மகனாக இருக்கும். முதல் வருஷம் நான் பத்தொன்பது குடும்பங்களை "சகோதரர்கள்" என்று எழுதிக் கொடுத்தேன். அதில் பதினோரு குடும்பத்தில் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள். டாக்டர் அந்தப் படிவக் கட்டை என் முன்னால் வைத்து, "இதை வெச்சு நான் என்ன ஆராய்ச்சி பண்றது ஜான்சி? பாசத்தையா?" என்று கேட்டார். எனக்கு முகம் சிவந்துபோயிற்று. அன்றிலிருந்து போனில் பட்டென்று கேட்டுவிடுவேன்: "ஒரே வயித்துல பொறந்தவங்களா, இல்லையா?" சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

இலவச ஸ்கேனுக்கும் அதே விதிதான். செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை தாம்பரத்தில் ஒரு ஸ்கேன் சென்டர் எங்களுக்குப் பன்னிரண்டு பேருக்கு இடம் தருகிறது. ஒரே குடும்பத்தில் கூடப் பிறந்தவர்களோ, பெற்றவர்களோ, பிள்ளைகளோ இரண்டு பேருக்கு இந்த நோய் வந்திருந்தால், மிச்சம் இருக்கிற ரத்த உறவுக்கு ஸ்கேன். சித்தி மகளுக்கும் மாமன் மகனுக்கும் கிடையாது. கவுன்சிலர் சிபாரிசோடு வந்தவரைக்கூடத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

இந்த வருஷம் ஜூலையில் ஆஸ்டின் விழுந்தான். பிளஸ்ஸியின் தம்பி, முப்பத்து நாலு வயது. திருமுடிவாக்கத்தில் ஒரு ஃபேப்ரிகேஷன் ஷெட்டில் சூப்பர்வைசர். மதியம் சாப்பிட்டுக் கை கழுவப் போனவன் குழாயடியிலேயே சரிந்துவிட்டான். வலிப்பு என்று நினைத்துக் கையில் சாவிக்கொத்தைத் திணித்திருக்கிறார்கள். ஒருவர் சோடா உடைத்திருக்கிறார். நல்லவேளையாக, போன வருஷம் நான் அங்கே பேசப் போனபோது முன் வரிசையில் உட்கார்ந்து கொட்டாவி விட்ட ஒரு வெல்டருக்கு மட்டும் சைக்கிள் டியூப் ஞாபகம் வந்திருக்கிறது. "யோவ், டியூப் மேடம் சொன்னது இதான்யா, தூக்குங்கய்யா" என்று கத்தி வண்டியில் ஏற்றிவிட்டார். ஆஸ்டின் பிழைத்தான். கால் ரத்தக்குழாய் வழியாகக் கம்பி விட்டு, மூளையில் இருந்த வீக்கத்தை அடைத்தார்கள். இப்போது வீட்டில் இருக்கிறான். பேச்சு கொஞ்சம் மெதுவாக வருகிறது.

ஆக, ஏஞ்சல் சித்தியின் வீட்டில் இரண்டு பேர். சித்தப்பா காலமாகிவிட்டார். சித்தியை ஆஸ்பத்திரியிலேயே ஸ்கேன் எடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். பிளஸ்ஸிக்குக் குழந்தை இல்லை, ஆஸ்டினுக்குக் கல்யாணமே ஆகவில்லை. அந்தக் குடும்பத்தில் இனி ஸ்கேன் எடுக்க ஆள் இல்லை என்று எழுதி அந்தக் கோப்பை மூடினேன்.

சித்தி விடவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் முதல் போன் வந்தது. "ஜான்சி, அந்த லிஸ்ட்ல உன் பேரையும் போட்டுக்கோ." சிரித்துவிட்டு வைத்தேன். மறுநாள் காலை பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருக்கும்போது மறுபடியும். "போட்டியா?" நான், "சித்தி, எனக்கு அந்த விதி பொருந்தாது, நான் கசின்" என்றேன். "கசினு கிசினெல்லாம் எனக்குத் தெரியாது. போடு." அதற்கு மறுநாள், நான் ஒரு காலேஜில் இருநூறு பிள்ளைகள் முன்னால் மைக் பிடித்து நிற்கும்போது மூன்று தடவை அடித்தாள். வெளியே வந்து எடுத்தால் அதே பாட்டு. பிளஸ்ஸி போனதிலிருந்து சித்திக்கு மனசு சரியில்லை, ஆஸ்டின் விழுந்ததில் இன்னும் கலங்கிவிட்டாள் என்று நினைத்தேன். ஒருநாள் பொறுக்க முடியாமல், "வேலை செய்ற இடத்துலயே என் பேரையே சொருகுனா என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க? விதிய எழுதுனதே நான்!" என்று கத்தினேன். "எழுதுனவ நீதானே, மாத்தி எழுது" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

சித்தியின் படிவத்திலும் வருஷா வருஷம் ஒரு தகராறு. "பெற்ற பிள்ளைகள் எத்தனை?" என்ற இடத்தில் மூன்று என்று எழுதித் தருவாள். முதல் வருஷம், "மூணாவது யாரு சித்தி?" என்று கேட்டேன். படிவத்தை வாங்கி வெகு நேரம் பார்த்துவிட்டு, "தெரியாம எழுதிட்டேன் போல" என்று திருப்பிக் கொடுத்தாள். தங்காமல் போன கரு ஏதாவது இருக்கும், பெற்றவளுக்கு அதுவும் கணக்குத்தானே என்று எனக்குள் ஒரு நிமிஷம் இளகினேன். இளகிவிட்டு, ஒயிட்னர் தடவி, மேலே இரண்டு என்று எழுதினேன். ஆறு வருஷமாக அவள் மூன்று எழுதுவாள், நான் இரண்டாக்குவேன். இந்த வருஷமும் ஆக்கினேன்.

ஸ்கேனுக்கு இரண்டு நாள் இருக்கும்போது பட்டியலில் பன்னிரண்டாவது ஆள் கழன்றுகொண்டார். சேலையூர்க்காரர். அண்ணனையும் அம்மாவையும் இதில் இழந்தவர். "பார்த்து ஏதாச்சும் இருக்குன்னு சொல்லிட்டா அப்புறம் எப்படிம்மா தூங்குறது? வேணாம்மா" என்றார். என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். போனை வைத்துவிட்டார். தேவானந்தம் சார் பட்டியலைப் பார்த்து, "ஒரு ஸ்லாட்டை வீணாக்கக் கூடாதும்மா. நாளைக்குச் சாயந்திரத்துக்குள்ள யாரையாவது பிடி" என்றார். காத்திருப்போர் பட்டியலில் எட்டுப் பேர். எட்டுப் பேருக்கும் போன் செய்தேன். இரண்டு பேர் எடுக்கவில்லை, மூன்று பேர் ஊரில் இல்லை, மூன்று பேர் கடைசியில் கசின்கள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பல்லாவரம் சந்தையில் எங்களுக்கு ஒரு மேஜையும் ஒரு பேனரும். ஒரு பக்கம் பழைய டிவி ரிமோட்டுகளைக் குவித்து வைத்திருந்தார்கள், மறுபக்கம் ரோஜாச் செடி. பக்கத்தில் எங்கள் ஆட்டோ நின்றுகொண்டு, நானே பேசிப் பதிவு செய்ததை எனக்கே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது. "இதுவரை வாழ்க்கையில் வராத தலைவலி, திடீரென்று இடி விழுந்தது போல..." இருபது நிமிஷத்துக்கு ஒரு விமானம் தலைக்கு மேலே தாழப் பறந்து என் குரலை விழுங்கியது. நோட்டீஸ் வாங்குகிறவர்கள் அதை வாங்கி நாலு அடி தள்ளிப் போய்க் கீழே போட்டார்கள். நான் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தூசி தட்டி மறுபடி அடுத்தவர் கையில் திணித்தேன். வெயில் வேறு. அந்தப் பன்னிரண்டாம் இடம் வேறு மண்டைக்குள் நமநமவென்று அரித்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு சித்தி வந்தாள். கையில் பை இல்லை, சந்தைக்கு வந்தவளாகத் தெரியவில்லை. அறுபத்திரண்டு வயதுக்காரி, நடந்தே வந்திருக்கிறாள், முகமெல்லாம் வேர்வை.

"ஒரு ஆளு வரலையாமே. சார் சொன்னாரு."

"நீ எதுக்கு சாருக்குப் போன் பண்ற?"

"நீ எடுக்கலையே. அந்த எடத்துல உன் பேரைப் போடு."

"சித்தி, ஆளை விடு. காலைலேர்ந்து தண்ணி கூடக் குடிக்கல."

"போடுடி. உன் காலுல வேணாலும் வுழறேன்."

இரண்டு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ரிமோட் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. கையிலிருந்த நோட்டீஸ் கட்டை மேஜைமேல் ஓங்கி அடித்தேன்.

"உனக்கு எத்தனை தடவை சொல்றது? உன் வயித்துல பொறந்தவங்களுக்குத்தான் ஸ்கேன்! புரியுதா? உன் வயித்துல பொறந்தவங்களுக்கு!"

சித்தி என்னைப் பார்த்தாள். அவள் அழவில்லை, குரலும் உயரவில்லை.

"அதாண்டி நானும் சொல்லிக்கினு கீறேன். ஆறு வருசமா எழுதியும் குடுத்துகினு கீறேன். நீதான் அழிச்சிகினு கீற."

ஆட்டோவில் என் குரல் ஓடிக்கொண்டே இருந்தது. ரோஜாச்செடிக்காரரின் ஸ்டூலைச் சித்தி இழுத்துப் போட்டு என்னை உட்கார வைத்தாள். பிறகு என் காதருகே குனிந்து, யாரோ துரத்துவதுபோல் மடமடவென்று சொல்லி முடித்தாள்.

அம்மாவுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் பிள்ளை இல்லை. மூன்று தடவை உண்டாகி மூன்றும் கலைந்தன. அக்கா தூக்கில் தொங்கிவிடுவாளோ என்று வீட்டில் பயந்த சமயத்தில் சித்தி உண்டாகியிருந்தாள். முதல் பிள்ளையை அக்காவுக்குக் கொடுத்துவிடுவோம், நமக்கு இன்னும் பிறக்கும் என்று சித்தப்பாதான் சொன்னாராம். பிறந்த பதினோராவது நாள் அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு போனாள். அம்மா அப்பா பெயரிலேயே ஞானஸ்நானம், அவர்கள் பெயரிலேயே எல்லாம். பிள்ளைக்கு ஒருநாளும் தெரியக் கூடாது என்று பைபிள்மேல் கை வைத்துச் சத்தியம்.

"பிளஸ்ஸி போனப்ப ஒண்ணுதானேன்னு வாய மூடிக்கினு இருந்தேன். இப்ப ரெண்டாயிடுச்சு. ரெண்டு பேருக்கு வந்தா மத்தவங்களும் பாக்கணும்னு நீதானே ஊரெல்லாம் மைக்கு போட்டுச் சொல்ற? நான் யாருக்கிட்ட போய்ச் சொல்வேன்? சத்தியத்த காப்பாத்தறதா, உன்னைக் காப்பாத்தறதா?" என்றாள். பிறகு என் கையைப் பிடித்து, "அக்காவுக்குத் தெரியக் கூடாது. நான் சொல்லிட்டேன்னு தெரிஞ்சா அது செத்துரும்" என்றாள்.

நான் கையை உருவிக்கொண்டேன். ஒரு வார்த்தை ஆறுதலாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மேஜையையும் பேனரையும் ஆட்டோக்காரர் தலையில் கட்டிவிட்டு நடக்க ஆரம்பித்தேன். எங்கே போகிறேன் என்று தெரியவில்லை. ஸ்டேஷன் வரை போய் டிக்கெட் எடுக்காமல் திரும்பினேன். குரோம்பேட்டை வரை ஜி.எஸ்.டி. ரோட்டிலேயே நடந்தேன். சின்ன வயதிலிருந்தே எல்லாரும் "அப்படியே சித்தி ஜாடை" என்பார்கள். சித்தி ஜாடை வருவது ஊரில் இல்லாததா? அதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? பிளஸ்ஸியைத் தங்கச்சி என்றுதான் அவள் பிறந்த நாளிலிருந்து சொன்னேன். ஊராரை எல்லாம் வயிற்றைக் கேட்டுச் சோதித்த நான், என் தங்கச்சியைக் கசின் என்று கைப்பட எழுதி வைத்திருக்கிறேன். நடுரோட்டில் எனக்கு அழுகை வந்தது. பிளஸ்ஸி செத்தபோது அழுதது சித்தி பெண்ணுக்காக. இது வேறு அழுகை, ஏழு வருஷம் தாமதமாக வந்தது.

அழுததில் தலை கனத்தது. உடனே பயம் பிடித்துக்கொண்டது. இது எந்த மாதிரித் தலைவலி? திடீரென்று வந்ததா? கழுத்து இறுகுகிறதா? எல்லாத் தலைவலியும் அது இல்லை என்று ஆயிரம் பேருக்குச் சொன்னவள், ஒரு பழக்கடை வாசலில் நின்று கழுத்தை இப்படியும் அப்படியும் வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்குப் போனபோது அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எழுபது வயது. முழங்கால் வலி. என்னைப் பார்த்ததும், "ஏன் மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?" என்றாள்.

"தலைவலி."

எங்கள் வீட்டில் அந்த வார்த்தையை யோசிக்காமல் சொல்லக் கூடாது. அம்மா முறத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். "எப்ப வந்துச்சு? திடீர்னா? வாந்தி வர மாதிரி இருக்கா? வெளிச்சம் பார்த்தா கூசுதா?" எல்லாம் என் நோட்டீஸில் இருக்கிற கேள்விகள். அதே வரிசையில் கேட்டாள். தாடையைத் தொட்டு என் தலையைக் குனிய வைத்துக் கழுத்தைப் பார்த்தாள். "வெயில்தாம்மா, விடு" என்று எரிந்து விழுந்தேன். அவளைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று உலுக்கவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் குளிக்கப் போனேன்.

சாருக்குப் போன் செய்து பன்னிரண்டாவது இடத்துக்கு என் பெயரைச் சொன்னேன். அவர் தயங்கினார். "நீ கசின்தானேம்மா?"

"இல்ல சார். அதுக்கு மேல கேக்காதீங்க."

"நான் கேக்கல. ஆனா டாக்டர் ஒவ்வொருத்தரையும் உக்கார வெச்சுக் கேட்டுட்டுத்தான் அனுப்புவாரு. அவருக்கு நீ சொல்லித்தான் ஆகணும்."

டாக்டரிடம் சொல்வதில் எனக்குக் கஷ்டம் இல்லை. அவர் காகிதத்தில் எழுதிக்கொள்வார், வெளியே சொல்ல மாட்டார். சித்திக்கு நிம்மதி, அம்மாவுக்குத் தெரியாது, எனக்கு ஸ்கேன். எல்லாம் சரியாக யோசித்துவிட்டதாக நினைத்தேன். காலையில் அம்மாவிடம், "வருஷா வருஷம் போற கேம்ப்தான், மதியம் வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன், மூச்சைப் பிடித்துக்கொண்டு படிக்க வைப்பது எனக்குப் பிடிக்காது. என் தலையில் ஒன்று இருந்தது. மூன்று மில்லிமீட்டர். இப்போதைக்குப் பயமில்லை, ரத்த அழுத்தம் ஏறாமல் பார்த்துக்கொண்டு, ஆறு மாதம் கழித்து ஒருமுறை, பிறகு வருஷம் ஒருமுறை ஸ்கேன் எடுத்தால் போதும் என்றார் டாக்டர். ரத்த அழுத்தம் ஏறாமல் இருக்க என் குணத்தைத்தான் முதலில் மாற்ற வேண்டும். ஆனால் அன்று காலை அந்த மேஜையில் நடந்தது நடக்காமல் போயிருந்தால், அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரிந்திருக்காது.

பதினோரு பேரையும் வரிசையாக உள்ளே அனுப்பிவிட்டு, கடைசியாக நான் டாக்டர் தோத்தாத்ரியின் எதிரே உட்கார்ந்தேன். அவர் பட்டியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பட்டியலைப் பார்த்தார்.

"நீங்களா? சரி, சொல்லுங்க. பாதிக்கப்பட்ட ரெண்டு பேர் உங்களுக்கு என்ன வேணும்?"

நான் வாயைத் திறந்தேன். அப்போதுதான் அவருக்குப் பின்னால், கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு அம்மா உள்ளே வருவதைப் பார்த்தேன். அஸ்தினாபுரத்தை விட்டுத் தனியாக வெளியே வந்து இரண்டு வருஷம் இருக்கும். ஆட்டோ பிடித்து, படியேறி, முழங்காலைப் பிடித்தபடி நின்றாள். எப்படித் தெரிந்தது என்று பிறகுதான் சொன்னாள். காலையில் என் காதில் தோடு இல்லை, கழுத்தில் செயின் இல்லை. ஸ்கேனுக்கு வருகிறவர்கள் குண்டூசிகூடப் போட்டுக்கொண்டு வரக் கூடாது என்று நான் போனில் கத்துவதை ஆறு வருஷமாகக் கேட்கிறவள் அவள். கேம்ப் நடத்தப் போகிறவள் எதற்குத் தோட்டைக் கழற்றுவாள் என்று யோசித்திருக்கிறாள். தலைவலி, தோடு, வெள்ளிக்கிழமை பல்லாவரம், எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டாள்.

எனக்கு அது எதுவும் அப்போது தெரியாது. அம்மாவின் முகம் மட்டும்தான் தெரிந்தது. அந்த முகத்தின் முன்னால் அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"சித்தி பசங்க டாக்டர்," என்றேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "ஜான்சி, என்ன இது? இந்த ரூலைப் போட்டதே நீங்க. வெளிய எத்தனை பேரைத் திருப்பி அனுப்பிருக்கீங்க! எந்திரிங்க, இந்த இடத்தை வேற யாருக்காவது கொடுப்போம்."

"சரி டாக்டர்" என்று எழுந்தேன். உண்மையிலேயே எழுந்துவிட்டேன். நாளைக்கு வேறு ஏதாவது வழி பார்ப்போம் என்று சொல்லிக்கொண்டேன். என்னைப் போன்ற ஆட்களின் நாளை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியாதா என்ன? அந்தச் சேலையூர்க்காரரும் இப்படித்தான் நழுவினார்.

"உக்காரு," என்றாள் அம்மா.

டாக்டர் திரும்பிப் பார்த்தார். அம்மா மேஜை வரை வந்து, அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

"டாக்டர், அவ எனக்காகப் பொய் சொல்றா. அந்தப் பொண்ணும் அந்தப் பையனும் அவளுக்குச் சொந்தத் தங்கச்சி, சொந்தத் தம்பி. இவளைப் பெத்தது என் தங்கச்சி ஏஞ்சல். நல்லா எழுதிக்குங்க. பதினோரு நாள் குழந்தையா நான் வாங்கிட்டு வந்தேன். நான் பெறல."

நாற்பத்தொரு வருஷமாக ஒருவரிடமும் சொல்லாததை, கதவு திறந்திருக்க, வெளியே பதினோரு குடும்பம் உட்கார்ந்திருக்க, கடைக்காரரிடம் சில்லறை கேட்கிற குரலில் சொன்னாள்.

டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பேனாவை எடுத்தார். படிவத்தில் எங்கே எழுதுவது என்று தேடினார். குழம்பிப்போய், "அப்ப நீங்க யாரும்மா?" என்று கேட்டார்.

அம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. எனக்கு யாரிடமிருந்து வந்தது என்று எல்லாரும் கேட்கிற அதே கோபம்.

"இன்னா கேள்வி கேக்குறீங்க டாக்டர்? நான் அவ அம்மா."